அறுபது வயதான பாதைக்கு ஒரு வியாழக்கிழமை

ஏப்ரல் 24-க்கு லீவு கேட்டபோது மேனேஜர் காரணம் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், பென்னைன் வேக்கு அன்றைக்கு அறுபது வயது முடிகிறது, நடக்கப் போகிறேன் என்று. அவர் யார்க்‌ஷையரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவரே ஒரு நொடி விழித்துவிட்டு, "பாதைக்கா?" என்றார். வீட்டிலும் இதே கதைதான். "அறுபது முடிஞ்சா அறுபதாம் கல்யாணம்தான் பண்ணணும், யாருக்குப் பண்ணப் போறே?" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். ஆனால் சாயங்காலம் ஸ்னேக் பாஸுக்குக் காரை எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப்போக ஒப்புக்கொண்டார். எனக்கு அது போதும். அந்த மலை ரோட்டில் பஸ்ஸை நம்பி நிற்க முடியாது.

தெரியாதவர்களுக்காக: வட இங்கிலாந்தின் நடுவே நீளவாக்கில் கிடக்கிற பென்னைன் மலைத்தொடரின் மேலேயே போகிற நடைபாதை இது. டெர்பிஷையரில் ஈடேல் என்ற சின்னக் கிராமத்தில் தொடங்கி, யார்க்‌ஷையர் டேல்ஸ், நார்தம்பர்லண்ட் எல்லாம் கடந்து, ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டியதும் கர்க் யெத்தம் என்ற இன்னொரு சின்னக் கிராமத்தில் முடிகிறது. 268 மைல், அதாவது ஏறக்குறைய 431 கிலோமீட்டர். இங்கிலாந்தின் முதல் தேசிய நடைபாதை. 1965 ஏப்ரல் 24 அன்று திறந்தார்கள். ஒரே மூச்சில் நடப்பவர்களுக்கு இரண்டரை, மூன்று வாரம் ஆகும். என்னைப்போல வேலை, வீடு, பையனின் பரீட்சை என்று இருப்பவர்கள் துண்டு துண்டாக வருஷக்கணக்கில் நடப்பார்கள். வரிசையாக நடக்க வேண்டும் என்றும் கட்டாயம் இல்லை. நான் நடுவிலிருந்துதான் ஆரம்பித்தேன்.

அதற்குக் காரணம் எம்62. லீட்ஸ் பக்கமிருந்து ராச்டேல் பக்கம் வேலைக்குப் போக தினமும் அந்த மோட்டார்வேதான். 22-ஆவது ஜங்ஷன் அருகே அது 372 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது, இந்த நாட்டு மோட்டார்வேக்களிலேயே அதுதான் உச்சம். குளிர்காலத்தில் கீழே வெயில் அடித்தால்கூட மேலே மூடுபனி நிற்கும். அந்த இடத்தில் தலைக்கு மேலே மெலிந்த வளைவுப் பாலம் ஒன்று உண்டு. ரொம்ப நாள் அது ஆடு மாடு கடக்கிற பாலம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் முன்னால் ஏதோ விபத்து, லாரிகள் எல்லாம் வரிசையாக நின்றுவிட்டன. இன்ஜினை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால், முதுகில் பெரிய மூட்டையோடு ஒருவர் அந்தப் பாலத்தில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார். அத்தனை வண்டிக்கு நடுவே நகர்ந்துகொண்டிருந்தது அவர் மட்டும்தான்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் தேடிப் பார்த்ததும் விஷயம் தெரிந்தது. பாதை முந்தியது, மோட்டார்வே பிந்தியது. ஆறு வரிசை வண்டிகள் ஓடுகிற சாலையைப் போட வந்தவர்கள், ஏற்கெனவே அங்கே நடக்கும் உரிமை இருந்ததால், நடப்பவர்களுக்கென்று தனியாக ஒரு பாலம் கட்டித் தந்திருக்கிறார்கள். எனக்கு இந்தப் பாதையின் மேல் வந்த ஆசைக்கு மலையழகு காரணமில்லை. அழகான மலை எங்கே வேண்டுமானாலும் இருக்கும். ஒரு நாள் முழுக்க நாலே பேர் நடந்தாலும், அந்த நாலு பேருக்காக மோட்டார்வே வளைந்து கொடுக்க வேண்டியிருந்ததே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

கொண்டாட எங்கே போவது என்பதில் எனக்கும் தோழிக்கும் சின்ன விவாதம் நடந்தது. அவள் என்னோடு மருந்தகத்தில் வேலை செய்கிறவள், லங்காஷையரின் நெல்சன் என்ற ஆலை ஊரில் பிறந்தவள், பெற்றோர் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்கள். மாலம் போகலாம் என்றாள். நியாயம்தான். 1965-இல் திறப்பு விழா நடந்தது மாலம் மூரில்தான், சுமார் 2,000 பேர் கூடினார்களாம். கூட 80 மீட்டர் உயரச் சுண்ணாம்புக்கல் மதில் ஒன்றும் பார்க்கலாம், கீழே காபிக் கடை உண்டு. நான் ஈடேல்தான் என்று பிடிவாதமாக இருந்தேன். காரணம் தேதி.

1932-இலும் ஏப்ரல் 24 ஒரு சம்பவ நாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மான்செஸ்டர் பக்கத்து இளைஞர்கள் சில நூறு பேர் ஹேஃபீல்டில் ஒரு கல்குவாரியில் கூடி, ஈடேலுக்கு மேலே நிற்கிற கிண்டர் ஸ்கவுட் மலைமேல் அத்துமீறி ஏறினார்கள். அப்போது அந்த மலை மேட்டுநிலம் எல்லாம் பிரபுக்களின் சொத்து. வருஷத்தில் சில நாள் கிரௌஸ் பறவை சுடுவதற்காக, மற்ற நாளெல்லாம் காவலர்களை நிறுத்தி யாரையும் விடாமல் வைத்திருந்தார்கள். கீழே ஆலைப் புகையில் வாரம் முழுக்க வேலை செய்கிறவன் ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்க்கலாம் என்றால் தடி வரும். அன்றைக்கும் காவலர்களோடு கைகலப்பு ஆனது. முன்னால் நின்று பேசிய பென்னி ராத்மனுக்கு அப்போது இருபது வயது. அவரையும் சேர்த்து ஐந்து பேருக்குச் சிறை, இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை. அத்துமீறி நுழைந்ததற்காக அல்ல, அது அப்போது குற்றவியல் குற்றமே இல்லை. கலவரம், தாக்குதல் என்று வழக்குப் போட்டார்கள். தண்டனைச் செய்தி வந்ததும் அதுவரை அலட்சியமாக இருந்தவர்களுக்கும் கோபம் வந்தது. எழுபது வருஷம் கழித்து, 2002-இல், அந்த நிலத்தை வைத்திருந்த டெவன்ஷையர் பிரபுவின் பேரன் அதே இடத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்டார்.

பாதை திறந்தது சரியாக 33 வருஷம் கழித்து அதே தேதியில். அன்றைக்கு அது சனிக்கிழமை, அதனால் வசதிக்குப் பார்த்து வைத்த தேதியாகவும் இருக்கலாம். எனக்குக் கவலையில்லை. இரண்டையும் சேர்த்தே கொண்டாடுவேன்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. பாதையை நினைத்து, எழுதி, முப்பது வருஷம் அலைந்து கொண்டுவந்த மனிதர் டாம் ஸ்டீபன்சன். அவருக்கு அந்த அத்துமீறல் மேல் பெரிய மதிப்பு கிடையாது. அது ஒன்றும் கதவைத் திறந்துவிடவில்லை, பொறுமையான வேலைதான் திறந்தது என்பது அவர் கட்சி. அக்காலத்து நடைச் சங்கத் தலைவர்கள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். இளைஞர்கள் வந்து காரியத்தைக் கெடுக்கிறார்கள் என்று பயந்தார்கள். யார் சொல்வது சரி என்று நானும் தோழியும் ஷெஃபீல்டில் வண்டி மாறி ஈடேல் போகிற ரயிலில் பேசிக்கொண்டே போனோம். அவள் ராத்மன் கட்சி. நான் ஸ்டீபன்சன் கட்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டீபன்சன் செய்த மாதிரி வேலையைப் பற்றி யாரும் பாட்டுக் கட்ட மாட்டார்கள் என்பதால், அவருக்காகக் கொஞ்சம் வாதாடினேன்.

என்ன வேலை என்றால், கடிதம், கூட்டம், வரைபடம், மறுபடி கடிதம். லங்காஷையரில் பிறந்து 13 வயதில் துணிக்கு அச்சிடும் ஆலையில் வேலைக்குப் போனவர் அவர். முதல் உலகப்போரில் துப்பாக்கி எடுக்க மாட்டேன் என்று சொல்லிச் சிறைக்குப் போனார். பிறகு பத்திரிகையாளர் ஆனார். அமெரிக்காவிலிருந்து இரண்டு பெண்கள், இங்கிலாந்தில் நடந்து சுற்றிப் பார்க்க வருகிறோம், எங்கள் ஊர் அப்பலாச்சியன் பாதை மாதிரி அங்கே ஏதாவது உண்டா என்று கேட்டு எழுதிய கடிதம் அவரிடம் வந்தது. அப்படி ஒன்றும் இல்லை. இல்லையென்றால் ஏன் இல்லை என்று 1935 ஜூன் 22 அன்று டெய்லி ஹெரால்டு பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பாதையின் பிறப்பு அந்தக் கட்டுரைதான்.

கட்டுரை வந்து பாதை வர முப்பது வருஷம். கோட்டின் பெரும்பகுதியில் பழைய ஒற்றையடிப் பாதைகளும் குதிரைப் பாதைகளும் ஏற்கெனவே இருந்தன. இடையிடையே அறுந்துபோன துண்டுகள்தான் தலைவலி. இங்கே ஒரு பண்ணைக்காரர், அங்கே ஒரு வேட்டை எஸ்டேட். இன்னோரிடத்தில் குடிநீர் வாரியம், எங்கள் நீர்த்தேக்கத்துக்கு மேலே ஆள் நடந்தால் தண்ணீர் கெட்டுவிடும் என்று. 1948-இல் ஸ்டீபன்சன் ஒரு நல்ல தந்திரம் செய்தார். எம்பிக்களை நடக்கக் கூட்டிக்கொண்டு போனார். ஹ்யூ டால்டன், பார்பரா காசில் எல்லாம் அந்தக் குழுவில் நடந்தார்கள். மறு வருஷம் தேசியப் பூங்காக்கள் சட்டம் வந்தது. 1951-இல் பாதைக்கு அரசு ஒப்புதல் கிடைத்தது. அப்புறமும் கடைசித் துண்டைச் சேர்க்க பதினான்கு வருஷம் பிடித்தது. ஒவ்வொரு வேலியிலும் ஒரு பேச்சுவார்த்தை. இன்றைக்கு அந்த வேலியில் ஒரு கேட்டைத் திறந்து, நுழைந்து, மறுபடி மூடிவிட்டுப் போகிறோம், முப்பது நொடி வேலை.

ஈடேலில் இறங்கினால் ஊரே பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ரயில் நிலையம், தேவாலயம், ஓல்டு நாக்ஸ் ஹெட் என்ற பழைய மதுக்கடை. அதன் எதிரில்தான் பாதை தொடங்குகிறது. அந்தக் காலத்தில் இங்கிருந்து நேரே ஓடையோடு ஏறி, மேலே பீட் என்ற கறுப்புச் சதுப்பு மண்ணுக்குள் புகுந்து நடந்தார்கள். ஆயிரக்கணக்கான கால் பட்டு அந்த வழி குழம்பிப் போனதால், இப்போது மேற்கே போய் ஜேக்கப்ஸ் லாடர் என்ற கல்படி வழியாக ஏற வைக்கிறார்கள். புல்வெளியில் புதுக் குட்டிகளோடு ஆடுகள். ஏப்ரல் என்பதால் நாயைக் கயிற்றில் பிடிக்கச் சொல்லி எல்லா கேட்டிலும் அறிவிப்பு. எதிரே வருகிறவர்கள் எல்லோரும் "மார்னிங்" என்கிறார்கள். ஊருக்குள் பக்கத்து வீட்டுக்காரர்கூட இப்படிச் சொல்வதில்லை, மலைமேல் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

அன்றைக்குக் கூட்டம் இருக்கும், யாராவது கேக் வெட்டுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். நாங்கள் போன நேரத்தில் எங்கள் கண்ணில் பட்டது, தலை நரைத்த ஒரு தம்பதியும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் ஒன்றும்தான். அந்தப் பிள்ளைகளுக்கு வரைபடம் படிக்கத்தான் நேரம் சரியாக இருந்தது. அந்த அம்மாவிடம், இன்றைக்குப் பாதைக்கு அறுபது என்றேன். "எனக்கு அதைவிடப் பத்து கூட" என்று சொல்லிவிட்டு, எங்களைத் தாண்டி விறுவிறுவென்று படி ஏறிப் போய்விட்டார்.

கல்படி ஏறி முடித்ததும் மூச்சு வாங்கும். அதற்கு மேல் கிண்டர் மேட்டின் விளிம்பிலேயே நடை. இடது பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் மான்செஸ்டர் கட்டடங்கள் மங்கலாக. வலது பக்கம் கறுப்பு மண். கிண்டர் டவுன்ஃபால் என்கிற அருவி முப்பது மீட்டர் விழும். காற்று மேற்கிலிருந்து ஓங்கி அடித்தால் விழுகிற தண்ணீர் மேலே திரும்பி முகத்தில் அடிக்கும் என்பார்கள். அந்த வசந்தத்தில் மழையே குறைவு, அதனால் அருவியும் கொஞ்சம் சோம்பலாகத்தான் இருந்தது. பாறை மறைவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தோழி ஒரு டப்பாவில் சின்னச் சின்னதாக கப்கேக் கொண்டுவந்திருந்தாள். ஒன்றில் மெழுகுவர்த்தி குத்தி ஏற்றப் பார்த்தாள். அந்தக் காற்றில் தீக்குச்சிதான் தீர்ந்தது. மெழுகுவர்த்தி அணைந்ததாகவே வைத்துக்கொண்டு கேக்கைச் சாப்பிட்டுவிட்டோம்.

அங்கிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு மலைமுயலைப் பார்த்தோம். இங்கிலாந்தில் மலைமுயல்கள் தாமாகத் திரிந்து வாழ்வது, நாங்கள் நடந்த இந்தப் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் மட்டும்தான். குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடும், கோடையில் பழுப்பு. இது நடுவில் இருந்தது. முதுகு பழுப்பு, வயிறும் கால்களும் இன்னும் வெள்ளை, காது நுனி கறுப்பு. எங்களைப் பார்த்ததும் ஓடவில்லை. காதை மட்டும் ஒவ்வொன்றாகத் திருப்பியது. தோழி போனை எடுக்கும்வரை காத்திருந்துவிட்டு, எடுத்ததும் ஓடிவிட்டது.

பீட் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீரில் ஊறிய பாசியும் செடியும் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான வருஷமாகப் படிந்த மண் அது. ஈரத்தில் கால் வைத்தால் முழங்கால்வரை விழுங்கும். தொழிற்புரட்சி காலத்தில் இரண்டு பக்கமும் மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைகள் கக்கிய புகை, அமில மழையாக இறங்கி மேலிருந்த ஸ்பாக்னம் பாசியைக் கொன்றுவிட்டது. போர்வை போனதும் மண் வெடித்து, அரித்து, வாய்க்கால் வாய்க்காலாகப் பிளந்தது. நடக்கிறவர்களின் காலும் சும்மா இருக்கவில்லை. இருக்கிற தடம் சேறாக இருக்கிறதென்று பக்கத்தில் நடப்பார்கள், அது சேறானதும் அதற்கும் பக்கத்தில். தடம் அகண்டு அகண்டு போய்விட்டது. பிளாக் ஹில் என்ற குன்றில், வழிகாட்டிப் புத்தகம் எழுத வந்த வெயின்ரைட்டே சேற்றில் மாட்டிக்கொள்ள, பூங்காக் காவலர் வந்து இழுத்துவிட வேண்டியிருந்தது. பாதைக்குப் புகழ் சேர்ந்ததே பாதைக்கு வினையாகியிருக்கிறது. இருபது வருஷத்துக்கும் மேலாக இப்போது இந்த மேட்டுநிலத்தில் புல் விதைத்து, வாய்க்கால்களை அடைத்து, பாசியைக் கை கையாக நட்டுக்கொண்டிருக்கிறார்கள். முன்பு வெறும் கறுப்பாகக் கிடந்த இடங்களில் பச்சை தெரிகிறது.

தடத்துக்கு அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மில் ஹில்லில் இறங்கி வடகிழக்கே திரும்பினால் ஸ்னேக் பாஸ்வரை சதுப்பு. அந்தச் சதுப்பின் மேல் ஒற்றை வரிசையாகப் பலகைக்கல் பாவியிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லும் ஒரு ஆளால் அசைக்க முடியாத கனம். ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கி வந்து இறக்கியவை. எங்கிருந்து என்றால், லங்காஷையரில் மூடி இடித்த பஞ்சாலைகளின் தரையிலிருந்து. மலையில் நகரத்து நடைமேடை மாதிரிக் கல் பாவுவதா என்று பழைய ஆட்கள் சிலர் இன்றைக்கும் முணுமுணுப்பார்கள். சேற்றில் இடுப்புவரை இறங்குவதும் அனுபவம்தானாம். இறங்கட்டும். எனக்கு இந்தக் கல் பிடித்திருக்கிறது, என் ஷூவுக்கும்.

குனிந்து பார்த்தால் சில கற்களில் துளை இருக்கும். நான் ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்தேன். கட்டைவிரல் நுழைகிற வட்டத் துளை, இயந்திரத்தால் போட்டது, விளிம்பு வழவழப்பாகிவிட்டது. உள்ளே சுற்றிலும் துருவின் சிவப்புக் கறை. அடியில் கொஞ்சம் தண்ணீர், அதில் ஒரே ஒரு கொழுந்து பாசி. பக்கத்திலேயே சாண் அளவு தள்ளி இன்னொரு துளை. கல்லின் ஒரு ஓரம் லேசாகக் குழிந்திருந்தது, எதிர் ஓரம் மட்டமாகத்தான் இருந்தது. மழை தேய்த்திருந்தால் எல்லா இடமும் தேய்ந்திருக்கும். தோழி படம் எடுத்துக்கொண்டாள், "அப்பாகிட்ட காட்டணும்" என்று.

அவள் அப்பா, நான் அங்கிள் என்று கூப்பிடுகிறவர், அறுபதுகளின் கடைசியில் நெல்சனுக்கு வந்து தறிக்கூடத்தில் இரவு ஷிஃப்ட் பார்த்தவர். ஆலை மூடும்வரை அதே வேலை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனபோது படத்தைப் பெரிதாக்கிக் காட்டினோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது தறி நின்ன இடம். காலுக்கு போல்ட் போட்டு இறுக்கியிருப்பாங்க. இல்லேன்னா ஆடி ஆடி நகர்ந்து போயிடும்," என்றார். குழிந்த ஓரத்தைத் தொட்டுக் காட்டினேன். "அது ஆள் நின்ன பக்கம்."

எல்லா ஆலைத் தரையும் இப்படித்தானா என்று கேட்டேன். தரையை எல்லாம் யார் பார்த்தார்கள் என்றார். அவருக்கு ஞாபகம் இருந்தது சத்தம்தான். நூற்றுக்கணக்கான தறி ஒரே நேரத்தில் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் காதுக்குள் கத்தினாலும் கேட்காதாம். உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. வந்த புதிதில் ஆங்கிலம் தெரியாத இவர்களுக்கு, வாயைப் பெரிதாகத் திறந்து ஒவ்வொரு சொல்லாக அசைத்துக் காட்டிய லங்காஷையர்க் கிழவிகளிடம்தான் ஆங்கிலமே வந்ததாம், சத்தமில்லாமல். இப்போதும் அங்கிளுக்கு வலது காது மந்தம். டிவியில் சத்தத்தைக் குறைத்துவிட்டே செய்தி பார்ப்பார், வாசிப்பவரின் உதட்டைப் பார்த்துக்கொண்டு.

"சரி, இதை எதுக்கு மலைக்கு மேலே கொண்டு போனாங்க?" என்றார்.

"நடக்கறதுக்கு, அங்கிள்."

"நடந்து எங்கே போறதுக்கு?"

"சும்மா நடக்கத்தான்."

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். "நாங்க ராத்திரி பூரா இதுமேல நின்னதுக்குக் கூலி கொடுத்தாங்க. நீங்க லீவு போட்டுட்டுப் போய் ஓசியில நிக்கறீங்க!"

அன்றைக்கு நாங்கள் நடந்தது முழுப் பாதையில் ஒரு ஓரம்தான். வடக்கே போகப்போகப் பாதையின் குணமே வேறு. பென்-இ-கெண்ட் என்ற மலையில் கையை ஊன்றி ஏற வேண்டும். டான் ஹில்லில் 528 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் ஒரு வீடில்லாத வெட்டவெளியில், பிரிட்டனிலேயே உயரத்தில் இருக்கிற மதுக்கடை. அதற்கு அப்புறம் டீஸ் ஆற்றோரம் மூன்று அருவிகள். பிறகு ஒரு வேடிக்கை. மிடில்டனிலிருந்து டஃப்டன் போகிற நாள் முழுக்க நடந்து முடித்தால், ஸ்காட்லாந்து இன்னும் தூரமாகியிருக்கும். பாதை மேற்கே வளைந்து போகிறது. கால்வலியோடு வரைபடத்தைப் பார்க்கும்போது எரிச்சலாக வரும். ஆனால் அந்த வளைவில்தான் ஹை கப் நிக் இருக்கிறது, திடீரென்று தரை பிளந்து காலடியில் ஒரு பள்ளத்தாக்கு. அதைப் பார்த்தவர்கள் வரைபடக்காரரை மன்னித்துவிடுவார்கள். அடுத்தது கிராஸ் ஃபெல், 893 மீட்டர், முழுப் பாதையில் உயரமான இடம். எங்களை அங்கே மூடுபனி பிடித்துக்கொண்டது, எதுவும் பார்க்கவில்லை, அதனால் எழுத எதுவுமில்லை.

நாமெல்லாம் பகலில் சோற்று மூட்டையோடு நடக்கிற பாதையில், ஜனவரி மாதம் ஓட்டப் பந்தயம் வைக்கிறார்கள். 268 மைலையும் ஒரே ஓட்டமாக. 2019-இல் அதை ஜாஸ்மின் பாரிஸ் 83 மணி 12 நிமிடத்தில் முடித்து, ஆண் பெண் எல்லோரையும் முந்தி முதலாவதாக வந்தார். 14 மாதக் கைக்குழந்தைக்குப் பால் எடுத்து வைத்துக்கொண்டே ஓடியவர். முந்தைய சாதனையைவிட பன்னிரண்டு மணி நேரம் குறைவு. இதை வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர், "நீ ஸ்னேக் பாஸுக்கு அஞ்சு மணிக்கு வரேன்னுட்டு ஆறே காலுக்கு வந்தே," என்று ஞாபகப்படுத்தினார்.

பாதையின் முடிவில் ஒரு பரிசும் உண்டு. கர்க் யெத்தத்தில் பார்டர் ஹோட்டல். முழுப் பாதையையும் முடித்து வருகிறவர்களுக்கு அரை பைண்ட் பீர் என் கணக்கில் என்று வெயின்ரைட் சொல்லிவிட்டுப் போனார். இத்தனை பேர் நடந்து முடிப்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை போல. 1991-இல் அவர் இறக்கும்வரை அந்தக் கணக்கு 15,000 பவுண்டு வரை போனதாகச் சொல்வார்கள். கடைசிவரை கொடுத்தார். இத்தனைக்கும் அவருக்கு இந்தப் பாதையே பிடிக்காது, போதும் போதும் என்றாகிவிட்டதை ஒளிக்காமல் எழுதியவர். பிடிக்காத பாதைக்குக் காசு செலவழித்த அந்தச் சிடுமூஞ்சித்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது. நானும் தோழியும் பீர் குடிக்காதவர்கள். எங்கள் முறை வரும்போது அரை பைண்ட் ஆரஞ்சு ஜூஸ் கேட்பதாக இருக்கிறோம்.

அந்த முறை வரச் செவியட் மலைகள் பாக்கி இருக்கின்றன. பைர்னஸிலிருந்து கடைசி ஊர்வரை 40 கிலோமீட்டருக்கும் மேல், நடுவே ஊரும் இல்லை கடையும் இல்லை, ஒதுங்க இரண்டே இரண்டு மரக் குடிசை. அதற்கு இரண்டு நாள் லீவும் நல்ல வானிலையும் ஒரே வாரத்தில் அமைய வேண்டும். அதற்கு முன்னால் ஸ்னேக் பாஸில் விட்ட இடத்திலிருந்து பிளீக்லோ தாண்டி கிரௌடன் இறங்க வேண்டும். ஜூனில் ஒரு சனிக்கிழமை பார்த்திருக்கிறோம். அங்கிளும் ஸ்னேக் பாஸ்வரை காரில் வருகிறாராம். பாதை ரோட்டைக் கடக்கிற இடத்திலிருந்து பத்தடி நடந்தாலே கல் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறோம். காரை நிறுத்த இடம் கிடைத்தால்தான் இறங்குவேன், இல்லாவிட்டால் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.